உள்ளே படுத்து உறங்கக்கூடிய வண்டி

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

கார் பார்ப்பது எனக்கு இப்போது ஒரு வேலையாகிவிட்டது. வாசல்படி இறங்கக் கூடாத பொம்பளைக்கு நல்ல வேலைதான். மகள் ஹம்னா காலேஜுக்குக் கிளம்பியதும் மாமிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, தலையணையில் செல்போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிடுகிறேன். டீசலும் பேட்டரியும் சேர்ந்த வண்டி, வெறும் பேட்டரி வண்டி, ஹைட்ரஜன் வண்டி. வீடியோவில் எவனைப் பார்த்தாலும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பானெட்டைத் தட்டித் தட்டிப் பேசுகிறான். டிக்கியில் எத்தனை பெட்டி கொள்ளும் என்று காட்டுகிறான். காபி தம்ளர் வைக்கிற குழியைக்கூடத் திறந்து திறந்து மூடுகிறான். நான் தேடுகிற ஒன்றை மட்டும் ஒருத்தனும் சொல்ல மாட்டேன் என்கிறான்.

நிறுத்திய வண்டிக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதன் படுத்து உறங்கினால், காலையில் எழுந்திருப்பானா?

அவர் எழுந்திருக்கவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில், களக்காட்டில், சவாரிக்கு அழைத்த வீட்டின் வாழைத்தார் ஷெட்டுக்குள் வண்டியை விட்டுப் படுத்திருந்தார். விடியுமுன் அந்த வீட்டு மகனைத் திருவனந்தபுரத்தில் சவூதி விமானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியே சாரல் மழை. ஷெட்டின் ஷட்டர் இறங்கியிருந்தது, ஏசிக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, சைலன்சர் குழாயில் ஓட்டை. புகை ஷெட்டை நிறைத்து வண்டிக்குள்ளும் ஏறிவிட்டது என்றார்கள்.

வண்டி என் பேரில் இருக்கிறது. அவரும் அவர் தம்பி அம்மாரும் அந்த ஒரு வண்டியை வைத்து மாற்றி மாற்றி ஏர்போர்ட் சவாரி ஓட்டித்தான் இரண்டு வீட்டிலும் உலை கொதித்தது. இப்போது அம்மார் அடுத்தவர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போகிறான். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும், எது என்று நான்தான் சொல்ல வேண்டும். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் எனக்கு டிசம்பரில் முடிகிறது. அதுவரை வீட்டை விட்டு நகர முடியாது, யோசிக்க முடியும்.


12 செப்டம்பர்

பேரை எழுதிப் பார்க்கிறேன். கனி. இத்தனை வருஷத்தில் வாயால் ஒரு தடவை சொன்னதில்லை. "ஏங்க", "இங்க பாருங்க", "ஹம்னா வாப்பா" — இதிலேயே காலம் போய்விட்டது.


14 செப்டம்பர், ஞாயிறு

அம்மார் வந்தான். எனக்குக் கல்யாணமாகி வந்தபோது அரை டிரவுசர் போட்டுத் திரிந்தவன், என் கையால் எத்தனை தட்டுச் சோறு தின்றிருப்பான். இப்போது அவனுக்கும் எனக்கும் நடுவில் பூப்போட்ட திரைச்சீலை. இத்தா முடியும்வரை அப்படித்தான். முன்னறையில் மாமிக்குப் பக்கத்தில் அவன், திரைக்கு இந்தப் பக்கம் நான். அடியில் அவன் கால் மட்டும் தெரிகிறது.

"மைனி, எல்லாம் விசாரிச்சிட்டேன். டீசல் ஹைபிரிட்தான் நமக்குச் சரி. கூட ஒரு சின்ன பேட்டரி உண்டு. சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா அணையும். கிளம்பும்போது பேட்டரி ஒரு தள்ளு தள்ளிவிடும். டீசல் மிச்சம். இங்கன டேங்கை நிரப்பினா கொச்சி வரைக்கும் கவலையில்ல."

"நின்னுட்டு இருக்கும்போது ஏசி போட்டா?"

கால் அசையவில்லை.

"ஏசி போட்டா இன்ஜின் ஓடத்தானே செய்யும்."

"அணைஞ்சிருந்தாலும் தானா ஸ்டார்ட் ஆயிருமோ?"

"உள்ள சூடாச்சுன்னா ஆயிரும், மைனி."

தானாகவே. உள்ளே இருக்கிறவன் விழித்திருக்கிறானா உறங்குகிறானா என்று அதற்கு என்ன தெரியும்? "அப்ப அது வேண்டாம்" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது, காக்கா என்று அவன் கூப்பிடும் அண்ணன்மேல். "வண்டி மேல என்ன தப்பு? ஷட்டர இறக்கிட்டு இன்ஜின ஓடவிட்டுட்டு எவனாவது படுப்பானா? பச்சப்புள்ளைக்குத் தெரியும். இவ்வளவு வருசம் வண்டி ஓட்டுன மனுசன்... காக்கா இப்படி ஒரு கூறுகெட்ட வேலையச் செஞ்சிட்டுப் போயிட்டாவன்னு ஊரே பேசுது. நான் அப்படிச் செய்ய மாட்டேன் மைனி. எனக்குப் புத்தி இருக்கு."

மாமி, "ஏலே, போதும்லே" என்றாள். டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றே ஆண்கள் பேசியது உள்ளே கேட்டது. துக்கம் விசாரிக்க வந்த பெண்களும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, "நிதானமான மனுசனுக்கு அன்னைக்குன்னு பாத்து புத்தி எங்க போச்சோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எனக்கும் அவர்மேல் கோபம்தான். வெளியே சொல்ல முடியாத கோபம். ஒரு கையை நீட்டி அந்த ஷட்டரை ஒரு முழம் தூக்கி வைத்திருக்கக் கூடாதா?


20 செப்டம்பர், சனி

ஹம்னா பிசிக்ஸ் படிக்கிறாள். இன்று லீவு. காலண்டர் தாளின் முதுகில் படம் போட்டு எனக்குப் பாடம் எடுத்தாள்.

"நூறு பங்கு டீசல் ஊத்துனா முப்பது, முப்பத்தஞ்சு பங்குதான் சக்கரத்தச் சுத்தும் உம்மா. ஹைபிரிட்ல பிரேக் போடும்போது வீணாப் போறதக் கொஞ்சம் புடிச்சு வச்சுக்கும், அதனால இன்னும் கொஞ்சம் கூடும். பேட்டரி வண்டியில நூறுக்கு எழுபது, எண்பது பங்கு சக்கரத்துக்குப் போயிரும். ஹைட்ரஜன்தான் பாவம். கரண்ட வச்சுத் தண்ணியப் பிரிச்சு வாயு எடுக்கணும், அத அமுக்கி அடைக்கணும், கொண்டுவரணும், வண்டிக்குள்ள மறுபடியும் கரண்டா மாத்தணும். கடைசியில முப்பது மிஞ்சுனா பெருசு."

கைக்குக் கை தண்ணீரை ஊற்றிக் கொண்டுபோகிற மாதிரி. எனக்குப் புரிந்தது. நான் அப்படி ஒன்றும் மக்கு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பிசிக்ஸில் நல்ல மார்க் எடுத்தவள்தான், அதற்கு மேல் கல்யாணம்தான் படித்தேன்.

"டீசல்ல மிச்சம் அறுபத்தஞ்சு எங்க போகுது?"

"சூடாவும் புகையாவும் வெளிய..."

நிறுத்திவிட்டாள். தாளை நாலாக மடித்தாள். அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை.


26 செப்டம்பர், வெள்ளி

உறக்கமே இல்லை. பகலில் கண்ணை மூடினாலும் ஏதோ ஓடுகிற சத்தம். பக்கத்து வீட்டு மோட்டார்தான் என்று தெரிந்தும் எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறேன்.


3 அக்டோபர், வெள்ளி

ஹைட்ரஜன் வண்டியின் பின்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதை இன்று பார்த்தேன். ஜப்பானிலோ எங்கேயோ. ஒருவன் கண்ணாடித் தம்ளரைப் பிடிக்கிறான், சொட்டுச் சொட்டாக நிறைகிறது. எடுத்துக் குடித்தும் காட்டுகிறான். நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன். வெறும் தண்ணீர். ஷெட்டுக்குள் விட்டு ஷட்டரை இறக்கினால்கூடத் தரை நனையும், அவ்வளவுதானே. காலையில் எழுந்து, "எவம்லே இங்கன தண்ணிய கொட்டுனது" என்று கத்தியிருப்பார்.

ஹம்னாவிடம் சொன்னேன். இதுதான் வேண்டும் என்றேன். அவள் பொறுமையாக, "இங்க அத ரொப்புறதுக்கு பம்ப் எங்க இருக்கு உம்மா?" என்று கேட்டாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஹைட்ரஜன் தயாரிக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்ததைச் சொன்னேன். அது கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும்; நம் தெருவில் நிற்கிற வண்டிக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ என்றாள். எங்களுக்கு வேண்டிய வண்டி இன்னும் வரவில்லை. ஆகஸ்டுக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய வண்டி.


5 அக்டோபர், ஞாயிறு

ஹம்னா கத்திவிட்டாள். என் போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள்.

"எந்த வண்டி வாங்குனாலும் வாப்பா வர மாட்டாவ உம்மா! நீங்க வாப்பாவுக்கு வண்டி தேடுதிய. ஓட்டப் போறது சாச்சா!"

அம்மார் அவளுக்குச் சாச்சா. எனக்குச் சுருக்கென்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்து என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். இரண்டு மாதத்தில் இன்றுதான் அழுகிறாள், அதுவும் சத்தமில்லாமல். புடவை நனைந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நான் யாருக்காகத்தான் தேடுகிறேன்? அம்மாருக்காகத்தான். அவன் பெண்டாட்டிக்கும் என் வயசு ஆகவில்லை, பிள்ளைகள் இரண்டும் சின்னது. ஏர்போர்ட் சவாரி என்றால் போகிற இடமெல்லாம் காத்துக் கிடக்க வேண்டும், காத்துக் கிடக்கிறவன் கண்ணயரத்தான் செய்வான். புத்தி இருக்கிறது என்கிறான். இவருக்கு இல்லாமலா இருந்தது?


12 அக்டோபர், ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

களக்காட்டிலிருந்து அலிமா பீவி வந்தார். அந்த ஷெட் அவர்கள் வீட்டுடையது. வாழைக்காய் வியாபாரம். அறுபது வயதிருக்கும். முதல் தடவை, மையித்து எடுத்த அன்று துக்கத்துக்கு வந்தபோது கூட்டத்தில் நான் முகம் பார்க்கவில்லை. இன்று பஸ்ஸில், தனியாக. ஒரு சீப்பு நாட்டுப்பழத்தை மாமி பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளறைக்கு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். கட்டிலில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றார்.

"உள்ள வந்து படுங்கன்னு கூப்பிட்டோம்மா. ஒரு தடவையில்ல. மாடியில அறை சும்மாத்தான் கெடக்கு. சாமானெல்லாம் மேல ஏத்திக் கட்டியாச்சு, அது அமானிதம், நம்பி ஒப்படைச்ச பொருளு, நான் வண்டியில இருந்துக்கிடுதேன், நீங்க கவலப்படாமப் படுங்கன்னுட்டாக."

அது அவர் வழக்கம்தான். பயணக்காரரின் பெட்டி வண்டியில் ஏறிவிட்டால், ஏர்போர்ட்டில் இறக்கும்வரை வண்டியை விட்டு அகல மாட்டார். கல்யாணமான புதிதில் இதற்காக நான் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

"ஷட்டர் தெறந்துதான் கெடந்துச்சு" என்றார் அலிமா பீவி.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"உங்க வீட்டு ஆளு தெறந்துபோட்டுத்தான் படுத்தாக. ராவுல சாரல் கூடிருச்சு. எங்க வீட்டுக்காரவுக எந்திரிச்சுப் போய்ப் பாத்திருக்காக. தண்ணி உள்ள அடிக்குது, சாமானும் நனையுது, மனுசன் அசந்து உறங்குதாரு. எழுப்ப மனசில்ல. முழிச்சிரக் கூடாதேன்னு ஷட்டர பைய இறக்கி விட்டுட்டு வந்து படுத்துட்டாக. வண்டிச் சத்தம் மழையில கேக்கலையாம். வயசாச்சுல்லா, காதும் மந்தம். போலீஸ் வந்து கேக்கும்போது வாயே தெறக்கல. என்கிட்டயே போன வாரந்தான் சொன்னாக. சோறு எறங்கலம்மா அவுகளுக்கு. நீங்களா வந்து ஒரு வார்த்த சொல்லுங்கன்னேன், அந்தப் புள்ள மொகத்த எப்படிப் பாப்பேன்னு அழுதாக. அதான் நான் வந்தேன்."

என் காலைத் தொட வந்தார், கையைப் பிடித்துக்கொண்டேன். இறைவன் நாட்டம் என்று சொன்னேன். சொல்ல வேண்டிய வார்த்தை அதுதான், அதனால் சொன்னேன். லுஹர் தொழுதுவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.


13 அக்டோபர்

பைய இறக்கினார்களாம்.

ஏன் பைய? சும்மா தடால்னு இழுத்து விட்டிருக்கக் கூடாதா? எந்த ஷட்டராவது சத்தமில்லாம இறங்குமா இந்த ஊருல? கடைத்தெருவுல ஒவ்வொரு ஷட்டரும் ஊரக் கூட்டுது. அது ஒண்ணு மட்டும் பைய இறங்கணுமா? ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் போட்டிருந்தா முழிச்சிருப்பாவளே. அவுகளுக்குக் கோழி உறக்கம். நல்ல மனசாம். நல்ல மனசு எனக்கு என்னத்துக்கு?

பழத்தை யாரும் தொடவில்லை. கறுத்துக்கொண்டு வருகிறது.


17 அக்டோபர், வெள்ளி

நான்கு நாளாக அந்தப் பெரியவரைத் திட்டித் திட்டி வாய் ஓய்ந்துவிட்டது. இன்று சுப்ஹு தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோது வேறு ஒன்று தோன்றியது. இவர் ஷட்டரைத் திறந்துபோட்டுத்தான் படுத்திருக்கிறார். கூறுகெட்ட வேலை எதுவும் செய்யவில்லை. சாரல் அடித்தாலும் பரவாயில்லை, காற்று வேண்டும் என்று யோசித்திருக்கிறார். எப்போதும் போல நிதானமாகத்தான் இருந்திருக்கிறார். நான்தான் இத்தனை நாள் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. துஆவில் கேட்டேன்.

அம்மாரிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னால் களக்காட்டுக்குப் போய்க் கதவை உடைத்தாலும் உடைப்பான், முன்கோபி. சொல்லாவிட்டால் செத்துப்போன அண்ணனை வாழ்நாள் முழுக்க முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். தனக்குப் புத்தி இருக்கிறது என்று நம்பிக்கொண்டு டீசல் வண்டியில் படுப்பான். இவன் திறந்து வைத்துப் படுத்தாலும் யாராவது ஒரு நல்லவர் வந்து மூட மாட்டார் என்று என்ன நிச்சயம்?


19 அக்டோபர், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மாமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். திரைக்கு இந்தப் பக்கமிருந்து, அலிமா பீவி சொன்னது அத்தனையும், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கீழே பார்த்தால் அவன் கால்விரல்கள் சிமெண்ட்டுத் தரையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"தெறந்துதான் வச்சிருந்தாவளா?" என்றான்.

"தெறந்துதான் வச்சிருந்தாவ."

"நான் அவுகள என்னெல்லாம் பேசிட்டேன் மைனி. கபுர்ல மண்ணு தள்ளும்போதுகூட மனசுக்குள்ள ஏசிட்டேதான் தள்ளினேன்."

அப்புறம் அவன் அழுத அழுகையை எழுத முடியாது. சின்ன வயதில் வாப்பா இறந்தபோதுகூட அழாதவன் என்று மாமி சொல்லுவாள். திரையைத் தள்ளிவிட்டுப் போய் அந்தத் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இவ்வளவு சின்னப் பிள்ளையிலிருந்து வளர்த்தவள் நான். திரையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்றேன். மாமிதான் பார்வை மங்கிய கண்ணோடு கையை நீட்டித் தேடி, அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.


27 அக்டோபர்

மழை. ஆற்றில் வெள்ளம் போகிறது என்று ஹம்னா பாலத்திலிருந்து படம் எடுத்து வந்து காட்டினாள். அம்மார் இந்தப் பக்கம் வரவே இல்லை.


2 நவம்பர், ஞாயிறு

வந்தான். களக்காட்டுக்குப் போயிருக்கிறான்!

"சண்டைக்குத்தான் போனேன் மைனி. பொய் சொல்லக் கூடாது. வாசல்ல போய் நின்னா, அந்த மனுசன் அங்கன ஷெட்டுக்குள்ள நாக்காலியப் போட்டு உக்காந்திருக்காரு. ஷட்டர கழட்டியாச்சு. வெறும் சட்டந்தான் நிக்குது. ஆள வச்சுக் கழட்டிருக்காரு. தாரெல்லாம் மழையில நனையுது. என்னப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாரு. என் மொகச்சாட காக்கா மாதிரி இருக்கும்லா."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. வாயில வரல. அந்தம்மா சோறு போட்டாவ. தின்னுட்டு வந்தேன்."

அந்த வீட்டில் சோறு தின்றிருக்கிறான். நான் அலிமா பீவி கொண்டுவந்த பழத்தைக்கூடத் தொடவில்லை. எழுந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

போகும்போது, "டீசல் வேண்டாம் மைனி. கரண்டு வண்டியே பாப்போம்" என்றான்.


9 நவம்பர், ஞாயிறு

வீடே பாராளுமன்றமாகிவிட்டது. அம்மாரும் ஹம்னாவும் முன்னறையில், நான் திரைக்குப் பின்னால் எதிர்க்கட்சி.

அவன் பயமும் நியாயமானதுதான். கரண்டு வண்டி சொல்கிற தூரம் ஒன்று, ஓடுகிற தூரம் ஒன்று. அதுவும் நம் பயணக்காரர்கள் மேலே கேரியரில் மலை மாதிரி பெட்டி ஏற்றுவார்கள். காற்று தடுக்கும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். "ஆரல்வாய்மொழிக் காத்துல எதுத்துப் போகும்போது இன்னும் வேகமாக் குறையும் மைனி. பிளைட்டுக்கு நேரமாயிட்டிருக்கும்போது நடுரோட்டுல நின்னா, நான் என்ன சொல்லுவேன்?"

ஹம்னா கணக்குப் போட்டாள். மெதுவாக, ஒரே வேகத்தில் ஓட்டினால் எவ்வளவு மிச்சம், ஏறும்போது எவ்வளவு போகும், இறக்கத்தில் எவ்வளவு திரும்பி வரும். திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்சம் மீதி இருக்கிறது. திரும்பி வரத்தான் போதாது.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "அங்க போயி எப்படியும் விமானம் இறங்குற வரைக்கும் காத்துத்தானே கெடப்ப? அந்த நேரத்துல சார்ஜப் போடு. நீ உறங்கும்போது அது சாப்பிட்டுக்கிடட்டும்."

அம்மார் கொஞ்சம் யோசித்தான். "அது சரிதான். காத்துக் கெடக்குற நேரம்தான் நமக்கு வீணாப் போயிட்டு இருந்துச்சு."

வீணாகப் போயிட்டு இருந்தது. ஆமாம்.

மாமி இதுவரை கேட்டுக்கொண்டே இருந்தவள், "அதுக்குச் சத்தமே கெடையாதாமே?" என்றாள். "அவன் வண்டி பஜார் முக்குல திரும்பும்போதே எனக்குத் தெரியும். எந்திரிச்சு முந்தானைய சரி பண்ணிக்கிடுவேன். சத்தமில்லாம வந்தா, வந்தது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"




23 நவம்பர், ஞாயிறு

பழைய வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். போலீஸ் விட்டதிலிருந்து தார்ப்பாய் போட்டு வீட்டெதிரில் நின்றுகொண்டிருந்தது. வாங்குகிற ஆள் சாவியைப் போட்டதும் அந்தச் சத்தம் வந்தது. மாமி படுத்திருந்தவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஜன்னல் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பின் கண்ணாடியில் 'ஹம்னா' என்று அவர் எழுதி வைத்த எழுத்து. இந்த வண்டியை வெறுக்கத்தான் வேண்டும். முடியவில்லையே. அவர் கடைசியாக மூச்சுவிட்ட இடம். தெரு திரும்பும்வரை புகை தெரிந்தது.


10 டிசம்பர், புதன்

இத்தா முடிந்தது. குளித்து, பெண்கள் வந்து, துஆ ஓதினார்கள். ஏதோ பெரிய விடுதலை போல எல்லாரும் முகத்தைப் பார்க்கிறார்கள். வாசலில் இறங்கினேன், வெயிலில் கண் கூசியது. போவதற்கு ஓர் இடமும் தோன்றவில்லை. திரும்பி உள்ளே வந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மாரைப் பார்த்தேன். காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததில் முகம் இப்படியாகும் என்று நினைக்கவே இல்லை. தாடியெல்லாம் நரை. முப்பத்தைந்துக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது அவனுக்கு. "என்னலே இது" என்றேன். "நீங்களும் அப்படித்தான் இருக்கிய மைனி" என்றான்.


14 டிசம்பர், ஞாயிறு

ஷோரூமுக்குப் போனோம், நானும் ஹம்னாவும் அம்மாரும். டை கட்டிய தம்பி ஒருவர், நான் வீடியோவில் கேட்டதையே ஒப்பித்தார். முடிக்கட்டும் என்று விட்டேன். முடித்ததும் கேட்டேன். "தம்பி, இதுக்குள்ள ஏசியப் போட்டுட்டு ஒரு ஆள் படுத்து உறங்கலாமா?"

இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். உள்ளே போய்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு குறையலாம், அவ்வளவுதான். புகை என்று எதுவும் இல்லை, வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி வைத்துக்கொண்டால் போதும் என்றார்.

"பூட்டுன ஷெட்டுக்குள்ள நின்னா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், அம்மார் முகத்தைப் பார்த்தார். ஏதோ விளங்கியிருக்க வேண்டும். "புகை கிடையாதும்மா" என்றார் மறுபடியும், மெதுவாக.

மைலேஜ் பற்றி நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. புக் பண்ணிவிட்டு வந்தோம்.


18 ஜனவரி 2026, ஞாயிறு

வண்டி நேற்று வந்தது. வெள்ளை. அம்மார் நாளை முதல் சவாரி போகிறான், மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தியும் இரண்டு குழந்தைகளும் துபாயிலிருந்து இறங்குகிறார்கள்.

மதியம் சாப்பாடு முடிந்து எல்லாரும் கண்ணயர்ந்த நேரம் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வண்டி அம்மார் வீட்டுக் கார் ஷெட்டில் நின்றது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வாசல். உள்ளே போய் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஹம்னா காட்டித் தந்தபடி பட்டனை அமுக்கி, வெளிக்காற்றுக்கு வைத்து, ஏசியைப் போட்டேன். கண்ணாடியை ஏற்றினேன். நடு சீட்டில், அவர் படுப்பது போலக் காலை மடக்கிப் படுத்தேன். சீட்டு எனக்கே பத்தவில்லை. அவர் உயரத்துக்கு எப்படித்தான் படுத்தாரோ. கழுத்து வலிக்கிறது என்பார், நான் தைலத்தைத் தேய்த்துவிட்டுத் திட்டுவேன்.

சத்தம் எதுவும் இல்லை. காற்று வருகிற சின்ன ஓசை மட்டும். கலிமா சொன்னேன். பயமாகத்தான் இருந்தது. சும்மா கண்ணை மூடிப் பார்ப்போம் என்று மூடினேன்.

உறங்கிவிட்டேன். ஆகஸ்டிலிருந்து அப்படி ஓர் உறக்கம் எனக்கு வாய்க்கவில்லை.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். ஹம்னா, பின்னால் அம்மார், செருப்பில்லாமல் ஓடி வந்திருக்கிறார்கள், இரண்டு பேர் முகத்திலும் ரத்தமில்லை. இரும்புக் கதவு இரண்டு பக்கமும் ஆவென்று திறந்து கிடந்தது. சாயங்கால அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். கதவைத் திறந்தேன். முந்தானையைச் சரிசெய்தேன். சும்மா, ஒன்றுமே நடக்காதது போல எழுந்துவிட்டேன். ஒரு மனுசன் உறங்கி எழுந்திரிக்கிறது இவ்வளவு லேசான காரியமா? இவ்வளவுதானா?

"உம்மா" என்று ஹம்னா என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அம்மார் வண்டிக்குள் கையை விட்டு ஏசியை அணைத்துவிட்டு, நான் இறங்குவதற்குத் தோளைக் கொடுத்தான்.